வாயால சொல்லுங்க

அந்தப் பெட்ரோல் பங்க்கில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் சம்பளம் போடுகிற மேனேஜரே கொஞ்சம் யோசிப்பார். லாரிக்காரர்களிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பல் டாக்டரம்மா வரை எல்லாருக்கும் அவர் 'வாயாலண்ணன்'. காரணம் ஒன்றும் பரம ரகசியமில்லை. வண்டி வந்து நிற்கும். ஓட்டி வந்தவர் விரலைக் காட்டுவார், தலையை ஆட்டுவார், அல்லது "வழக்கம்போல" என்பார். அண்ணன் அசையமாட்டார். "பெட்ரோலா, டீசலா? வாயால சொல்லுங்க" என்பார்.

ஸ்கூட்டரில் வந்தவனுக்கும் இதே கேள்விதான். உலகத்தில் எந்த ஸ்கூட்டர் ஐயா டீசல் குடிக்கிறது? அது அவருக்கும் தெரியும். "எனக்குத் தெரிஞ்சிருக்கிறது வேற, நீங்க சொல்றது வேற. சொல்லுங்க" என்பார். இந்த மனுஷனோடு யார் மல்லுக்கு நிற்பது? 'பெட்ரோல்' என்று சொல்லித் தொலைத்துவிட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். போகப்போகப் பழகிவிட்டது. தூரத்தில் வரும்போதே "வாயாலண்ணே, பெட்ரோல்!" என்று கத்திக்கொண்டே வருகிறவர்களும் உண்டு.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய வேன் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, டீசல் பம்ப் பக்கம் அவசரமாகக் கையைக் காட்டினார். பழைய வண்டி, டேங்க் வாய் அகலம்; இவரும் சரியென்று டீசலை எடுத்து நிரப்பிவிட்டார். அந்த ஆள் காட்டியது டீசலை இல்லை. டீசல் பம்ப்புக்குப் பின்னால் இருந்த கழிப்பறையை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தவர், வண்டியைக் கிளப்பினார். பெட்ரோல் வண்டி. தெருமுனை வரைக்கும் இருமிக்கொண்டே போய், வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, நடு ரோட்டில் படுத்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததை விட்டுவிடுவோம். மெக்கானிக் வந்து, "தப்பா போட்டுட்டீங்க, சரி. கிளப்பாம தள்ளி ஓரமா விட்டிருந்தா டேங்க்கை மட்டும் கழுவியிருக்கலாம். கிளப்புனதாலதான் இவ்வளவு கூத்து" என்று சொன்னது மட்டும் அண்ணன் மண்டையில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த வாயால.

அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லையே! எஞ்சினை அணைக்காமல், டேங்க்கில் செருகுகிற நாசிலைத் தொடமாட்டார். ஸ்கூட்டரிலிருந்து இறங்காதவனுக்குப் பெட்ரோல் கிடையாது. போனில் பேசிக்கொண்டே வந்தால், பேசி முடிக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டேங்க் நிறைந்து நாசில் டக்கென்று தானாக நின்ற பிறகு, "இன்னும் கொஞ்சம் கழுத்து வரைக்கும் ஊத்துங்கண்ணே" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "அதுக்கு மூச்சு விட இடம் வேணாமாங்க? வெயில்ல பெட்ரோல் பொங்கும். வெளிய வழிஞ்சா நீங்க குடிப்பீங்களா?" என்பார். தாத்தா காலத்து ஸ்கூட்டரைக் கொண்டுவந்து, "அந்த ஒசத்தி பெட்ரோலைப் போடுங்க, வண்டி பறக்கணும்" என்று கேட்கிறவர்களையும் விடமாட்டார். "வண்டியோட புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைக் குடுத்தா போதுங்க. இதைப் போட்டா அதுக்கு வயசு குறையாது. அந்தக் காசுக்கு பிரேக்கைப் பாருங்க" என்பார். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

இன்னொரு விஷயம். வேலை நேரத்தில் அண்ணனுக்கு ஆம்பளை எல்லாரும் சார், பொம்பளை எல்லாரும் மேடம். மாமன் மச்சான், அக்கம்பக்கம் என்பதெல்லாம் பங்க் சட்டையைக் கழற்றிய பிறகுதான். இந்த 'மேடம்'தான் அவர் குடும்பத்தில் குண்டைப் போட்டது.

அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிறவள். கை வேகம், நாக்கு அதைவிட வேகம். ஒரு நாள் மத்தியானம் தைத்த மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, தன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அம்மாவை வண்டிக்குக் காவல் வைத்துவிட்டு, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து எடுத்துக்கொண்டு, மண்டையைப் பிளக்கிற வெயிலில் பங்க்குக்கு நடந்து வந்தாள். புருஷன்தானே நிற்கிறான், ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற நினைப்பு.

அண்ணன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மேடம், தண்ணி பாட்டில்ல குடுக்க முடியாது" என்றார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விளையாடுகிறான் என்று நினைத்தாள். "ஏங்க, நான்தாங்க" என்றாள்.

"யாரா இருந்தாலும் இதுல குடுக்க முடியாது மேடம். இந்த பிளாஸ்டிக்கைப் பெட்ரோல் இளக்கிடும். மூடி நிக்காது, ஆவி வரும். ஒரு பொறி போதும். இதுக்குன்னு இருக்கிற கேன் வேணும். இங்க இருந்த கேனையும் எவனோ வாங்கிட்டுப் போய் திருப்பித் தரல. வண்டியைத் தள்ளிட்டு வாங்க மேடம்."

வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் திரும்பிப் போனாள். அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கமாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்போதாவது அந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி! "பெட்ரோலா, டீசலா? வாயால சொல்லுங்க மேடம்" என்றார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பெட்ரோல்" என்றாள்.

அதோடு சரி. அவள் அவரிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான்.

மாமியார் தன் பங்குக்கு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். "பெட்ரோல் கடலுக்கு நடுவுல நிக்கறாரு எங்க மாப்பிள்ளை. கட்டினவளுக்கு ஒரு வாய் குடுக்க மனசு வரல" என்று சொல்லாத ஆளில்லை. அது அண்ணனுக்குச் சுருக்கென்று இருந்தாலும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வீட்டு மௌனம்தான். ஆரம்பத்தில் அவள் ஃபிரிட்ஜிடம் பேசினாள். "சோறு அடுப்பு மேல இருக்கு, பசிக்கிறவங்க போட்டுக்கலாம்" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். அவர் போய்ப் போட்டுக்கொள்வார். டீ டம்ளர் மேஜையில் டங்கென்று உட்காரும். அந்த டங்கிலேயே அன்றைய வானிலை தெரிந்துவிடும். பிறகு ஃபிரிட்ஜிடம் பேசுவதும் குறைந்துபோயிற்று. மிஷின் மட்டும் கடகடவென்று ஓடியது. ஊரில் இருக்கிற வாயையெல்லாம் திறக்க வைத்த மனுஷன், வீட்டிலிருந்த ஒரே ஒரு வாயைத் திறக்க வைக்க வழி தெரியாமல் குட்டி போட்ட பூனை மாதிரி முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது. சண்டை நடந்த மறுநாளே கடைவீதிக்குப் போய், பெட்ரோலுக்கென்றே செய்த தகரக் கேன் ஒன்று வாங்கினார். சிவப்பு வண்ணம், இறுக்கமான மூடி, ஊற்றுவதற்கு வளைந்த மூக்கு. அவளிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் வாங்கினார். ஆனால் கேனைச் சும்மா நீட்ட முடியுமா? கூடவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'நான் செஞ்சதுல என்ன தப்பு? பாட்டில்ல குடுக்கக்கூடாதுங்கறது சட்டம்தானே' என்று ஒரு மனசு எகிறும். 'இருந்தாலும் பாவம்யா அவ' என்று இன்னொரு மனசு முனகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கேன் பங்க்கில் அவருடைய அலமாரியில் கிடந்தது. காற்றடிக்கிற அக்கா, பங்க்கின் ஓரத்தில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிறவர், தினமும் அதைப் பார்த்துவிட்டு, "இதை எப்ப குடுக்கப் போறீங்க? பேரப்பிள்ளைக்கா?" என்று குத்திக் காட்டுவார்.

ஒரு நாள் காலையில் அவள் மறுபடியும் ஃபிரிட்ஜிடம் பேசினாள். "இன்னிக்கு நான் அம்மா வீட்டுக்குப் போறேன். எங்கண்ணன் காரை விட்டுட்டுப் போயிருக்கான், நானே ஓட்டிட்டுப் போயிடுவேன். மிஷினையும் கொண்டு போறேன். எப்ப வருவேன்னு யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு."

மிஷினையும்! துணிப்பையை எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி வருவாள். மிஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அங்கேயே தொழிலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். 'போகாதே' என்று சொல்ல வாயைத் திறந்தார். "நான் வேலைக்குக் கெளம்பறேன்" என்றுதான் வந்தது. அதையும் அவர் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். கர்மம்!

அன்றைக்குப் பார்த்து பங்க்கில் டேங்கர் லாரி வந்து நின்றிருந்தது. கீழே இருக்கிற தொட்டிக்குள் பெட்ரோல் இறங்குகிற வரைக்கும் அந்தப் பக்கத்துப் பம்ப்புகளையெல்லாம் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். திறந்திருந்தது ஒரே ஒரு வரிசை. நின்றது அண்ணன்.

வெள்ளைக் கார் ஒன்று வந்தது. மச்சானுடைய கார். பின் இருக்கையில் போர்வை சுற்றிய தையல் மிஷின், பக்கத்தில் இரண்டு பை. ஓட்டுகிற இடத்தில் அவள்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அழகைப் பார்க்க வேண்டுமே! டேங்க் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று டேங்க் அளவு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்து அம்புக்குறியைப் பார்த்து, அந்தப் பக்கமாகச் சரியாக ஒட்டி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். போனை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கண்ணாடியை ஒரு கையளவு இறக்கிவிட்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். டேங்க் மூடி மட்டும் டப்பென்று திறந்தது.

அண்ணன் கண்ணாடி அருகே போய் நின்றார்.

"பெட்ரோலா, டீசலா?"

பதில் இல்லை.

"வாயால... சொல்லுங்க."

கிணற்றில் போட்ட கல். பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனை அழுத்தினார். அவருக்குப் பின்னால் நின்றவர் அதைவிடப் பலமாக அழுத்தினார். பல் டாக்டரம்மா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, "என்னண்ணே, யாருக்கு என்ன?" என்று எட்டிப் பார்த்தார். காற்றடிக்கிற அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டயரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, "ஏம்மா, ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டுப் போயேன்" என்றார். அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவிடம் சண்டை இல்லையே. ஆனால் வார்த்தை வரவில்லை.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் கத்தினார். "யோவ் வாயாலு! வரிசை ரோடு வரைக்கும் நிக்குது! போட்டு அனுப்புய்யா!"

அண்ணன் அவளுடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை போலிருக்கிறது. அவருக்கு என்னவோ செய்தது. அன்றைக்கும் இதே இடத்தில்தான் சட்டம் பேசினோம், இன்றைக்கு வீட்டை விட்டே போகிறாள், இப்போதும் வாயால சொல்லு என்று நிற்கிறோமே, சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது. சரி, போகட்டும். இவள் ஒருத்திக்காக அந்த வாயாலவை விட்டால் குடியா முழுகிவிடும்? மச்சானுடைய கார்தானே. வருஷக்கணக்காக இவர் கையால் டீசல் போட்ட கார். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார் என்று சொல்ல வேண்டும். கண் நிறைய நீர் கோத்திருந்தது. டீசல் நாசிலை எடுத்தார். டேங்க் வாயில் வைத்தார். நுழையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். டீசல் நாசில் தடிமன். இந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டியின் வாய் சிறிசு. போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இவர் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. "நாசில் உள்ள போகலைன்னா தள்ளாத, நின்னு யோசி." அவரே இப்போது பூட்டில் தப்புச் சாவியைத் திருகுகிற மாதிரி திருகிக்கொண்டு நின்றார். மூடிக்கு உள்பக்கம் 'பெட்ரோல் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அதுவும் கண்ணில் படவில்லை.

அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நாசிலின் நிறத்தைப் பார்த்தாள். கார்க் கதவு படாரென்று திறந்தது.

"யோவ்! பெட்ரோல்! பெட்ரோல் வண்டிய்யா இது!"

ஹாரன் அடித்த வேன்காரர் கையை எடுத்துவிட்டார். அண்ணன் நாசிலைப் பிடித்தபடி பேயறைந்தவர் மாதிரி நின்றார். இத்தனை வருஷத்தில் 'ஏங்க' தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள். அந்த 'யோவ்' அவர் காதில் தேனாகப் பாய்ந்தது.

"எங்கண்ணன் பழைய காரை வித்துட்டு இதை வாங்கிட்டான்யா! அதே வெள்ளை, அதே மாடல், ஆனா பெட்ரோல்! வீட்ல யாராச்சும் யாரோடயாச்சும் பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

"பேசாதது நீதானேம்மா..." என்று அண்ணன் இழுத்தார்.

"நான் பேசலைன்னா நீ பேச மாட்டியா? ஊர்ல இருக்கிறவன் வாயையெல்லாம் புடுங்கிப் புடுங்கிக் கேப்ப. என்கிட்ட மட்டும் கேக்காம கொள்ளாம எதையாவது ஊத்திடுவியா? இதைக் கிளப்பிட்டு நான் பாதி வழியில நின்னிருந்தா?"

"கேட்டேனேம்மா. ரெண்டு தடவை கேட்டேன்."

"மூணாவது தடவை கேக்க வேண்டியதுதானே!"

அண்ணன் நாசிலைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, திடுதிடுவென்று அலமாரிப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் சிவப்புக் கேன் இருந்தது. அவளிடம் நீட்டினார்.

அவள் கேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது எப்ப வாங்குனது?"

"அதுக்கு மறுநாளே."

"இத்தனை நாளும் அலமாரிக்கா குடுத்து வச்சிருந்த?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "பாட்டில்ல குடுக்கலைங்கறதுக்கா நான் கோவிச்சேன்? அந்த அளவுக்கு எனக்கு அறிவில்லையா? கட்டினவளை யாரோ மாதிரி மேடம் மேடம்னு நாலு பேர் முன்னால நிக்க வச்சியே. எங்கம்மா அந்த வெயில்ல வண்டி தள்ளிட்டு வந்தப்ப, 'இரும்மா, நான் வந்து தள்றேன்'னு ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயில?"

அண்ணன் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அது ஒரு தடவை கூட அவர் மண்டைக்கு உறைக்கவில்லை. சட்டம் சரியா தப்பா என்றே இத்தனை நாளும் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார். வண்டியைத் தள்ளப் போயிருக்கலாம் என்பது தோன்றவே இல்லையே! தலையைக் குனிந்துகொண்டார். மெதுவாக ஆட்டினார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"தலையாட்டுனா எனக்குப் புரியாது. வாயால சொல்லு."

வேன்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் வரிசையே சிரித்தது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். "சொல்லுங்கண்ணே! வாயால!" என்று டாக்டரம்மா குரல் கொடுத்தார். இத்தனை வருஷமாக அண்ணனிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கெல்லாம் இப்படியொரு நாள் வாய்க்கும் என்று யார் கண்டது?

அண்ணனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "தப்புத்தாம்மா" என்றார்.

"கேக்கல."

"தப்பு என் மேலதாம்மா! மன்னிச்சிடு! நான் வந்து தள்ளியிருக்கணும்!"

டேங்கர் லாரிக்காரருக்குக் கூடக் கேட்டிருக்கும். காற்றடிக்கிற அக்கா கைதட்டினார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கேனை வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்தாள். வந்து மறுபடியும் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். காரைத் திருப்பவில்லை. மிஷினையும் இறக்கவில்லை. அண்ணன் அதைக் கவனித்தார். சிரிக்கப் பார்த்த அவர் வாய் மூடிக்கொண்டது.

பெட்ரோல் நாசிலை எடுத்தார். உள்பக்கம் ஒட்டியிருந்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். நாசில் வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போனது. அடுத்த கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுதான். இன்றைக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போவதற்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"எவ்வளவு போடட்டும்?"

அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கை விரலால் தட்டினாள். அண்ணன் காத்திருந்தார். பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

"அம்மாவைப் பாத்துட்டு, அவங்க கோவத்தையும் தீத்துட்டு வரணும்" என்றாள். "போயிட்டுத் திரும்பி வர்ற அளவுக்குப் போடுங்க."

அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பம்ப்பின் மீட்டரைக் காட்டினார்.

"ஜீரோ பாத்துக்கம்மா" என்றார்.